ரோமானிய கிளாடியேட்டர்களின் வாளும் சூலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படங்களில் வருகிற கிளாடியேட்டர் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருப்பார். வெற்று மார்பு, தோல் கச்சை, கையில் நீளமான வாள். ரோமானிய அரங்கில் அப்படிப் பொத்தாம்பொதுவான கிளாடியேட்டர் யாரும் இருந்ததில்லை. யார் எந்த ஆயுதம் பிடிக்கலாம், உடம்பில் எந்த இடத்தை மூடலாம், எந்த வகை ஆளோடு மோதலாம் என்பதற்கெல்லாம் முறை இருந்தது. இதைச் சொல்லத் தொடங்கினால் கேட்பவர்கள் அடுத்தடுத்துக் கேள்வி கேட்பார்கள். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளும் பதில்களும் இங்கே.

'கிளாடியேட்டர்' என்ற பெயருக்கு என்ன பொருள்?

லத்தீனில் 'கிளாடியுஸ்' என்றால் வாள். கிளாடியேட்டர் என்றால் வாள் பிடிப்பவர், அவ்வளவுதான். ரோம் நகரில் இந்தச் சண்டை நடந்ததாகக் கிடைக்கும் முதல் பதிவு கி.மு. 264-ஐச் சேர்ந்தது. இறந்துபோன தகப்பனார் புரூட்டுஸ் பேராவின் நினைவாக அவருடைய மகன்கள் மாட்டுச்சந்தைத் திடலில் மூன்று ஜோடிகளை மோதவிட்டார்கள். அப்போது அது பொழுதுபோக்கு இல்லை, இறந்தவருக்குச் செய்யும் கடமை. அதனால் 'கடமை' என்று பொருள்படும் 'மூனுஸ்' என்ற சொல்தான் கடைசிவரை இந்தச் சண்டைகளுக்குப் பெயராக நிலைத்தது.

ராணுவ வீரரின் வாளும் கிளாடியேட்டரின் வாளும் ஒன்றா?

ஒரே குடும்பம். பேரரசர்கள் வருவதற்கு முந்தைய குடியரசுக் காலத்து ரோமானியப் படைவீரர் வைத்திருந்த 'ஸ்பானிய வாள்' நீளமானது, அலகு மட்டுமே 60 செ.மீ.-க்கு மேல் இருக்கும். பிறகு அது படிப்படியாகக் குட்டையானது. கி.பி. முதல் நூற்றாண்டில் வழக்கத்துக்கு வந்த, எரிமலையில் புதைந்த இத்தாலிய நகரமான பொம்பெயின் பெயரைத் தாங்கிய 'பொம்பெய் வகை' வாளின் அலகு 42 முதல் 50 செ.மீ. வரைதான். இரு பக்கமும் கூர், நேரான அலகு, நுனி குத்துவதற்கேற்ற முக்கோணம். சிற்பங்களிலும் தரைச்சித்திரங்களிலும் கிளாடியேட்டர் கையில் நாம் பார்க்கும் நேர்வாள் இந்த அளவுக்குத்தான் இருக்கிறது, பல இடங்களில் இன்னும் குட்டையாக, கத்தி என்றே சொல்லலாம் போல.

வாள் குட்டையாக இருந்தால் ஆள் நெருங்கித்தான் ஆக வேண்டும். எட்ட நின்று வெட்டிவிட்டு விலக முடியாது. கேடயத்தோடு கேடயம் இடிக்கிற தூரத்துக்குள் போய், இடுக்கு கிடைக்கும்போது குத்த வேண்டும். பார்க்க வந்த கூட்டத்துக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

எல்லாக் கிளாடியேட்டர்களும் வாள்தான் வைத்திருந்தார்களா?

இல்லை. என்னைப் பொறுத்தவரை இந்த விஷயத்தின் உயிர்நாடியே இந்தக் கேள்விதான். முதல் பேரரசர் அகுஸ்துஸ் காலத்துக்குப் பிறகு வகைகள் நன்றாக உறுதிப்பட்டுவிட்டன. ஒவ்வொரு வகைக்கும் ஒன்றைக் கொடுத்து, இன்னொன்றை எடுத்துவைத்திருந்தார்கள்.

முர்மில்லோவை எடுத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் உயரத்துக்கு வளைவான பெரிய கேடயம், நேரான குட்டை வாள், அகன்ற விளிம்பும் உயர்ந்த கொண்டையும் உள்ள தலைக்கவசம், வாள் பிடிக்கும் கைக்குப் பட்டைக் கவசம், இடது காலுக்கு மட்டும் குட்டையான கால்கவசம். கேடயம் முழங்கால்வரை மறைத்துவிடும் என்பதால் அதற்கு மேல் காலுக்குத் தேவையில்லை. வலது காலோ பின்னால் இருக்கும், அதற்குக் கவசமே கிடையாது.

இவருக்கு எதிராக வழக்கமாக நிற்பவர் திராக்ஸ், அதாவது திரேசியர். கேடயம் மிகச் சின்னது. மார்பையும் முகத்தையும் மாறி மாறித்தான் காக்க முடியும். அந்தக் குறைக்கு ஈடாகத்தான் இரண்டு கால்களுக்கும் தொடைவரை கவசம். வாள் வளைந்தது. ஹோப்லோமாகுஸ் என்பவருக்கும் கால்கவசம் அதே மாதிரிதான். ஆனால் கையில் ஈட்டி, கூடவே ஒரு குத்துவாள், வட்டமான சிறு வெண்கலக் கேடயம்.

மூவருக்கும் பொதுவானது ஒன்று: மார்பும் வயிறும் திறந்தே இருக்கும். தலை, கை, கால் என்று ஓரங்களை இரும்பாலும் வெண்கலத்தாலும் மூடிவிட்டு, உயிர்நிலையை மட்டும் வெறுமையாக விட்டார்கள். கையில் ஒரு வெட்டுப்பட்டதுமே சண்டை முடிந்துவிடக் கூடாது, அதே சமயம் ஒரே குத்தில் முடியக்கூடிய இடமும் கண்முன்னே தெரிய வேண்டும். அப்படி யோசித்துத்தான் இந்த உடை அமைந்திருக்கிறது. மார்புக்குத் தகடு போட அனுமதிக்கப்பட்டவர் புரோவோகாட்டோர் என்ற வகையினர். அவர்கள் தங்களுக்குள்ளேயேதான் மோதுவார்கள்.

அந்த வளைந்த வாளால் என்ன பயன்?

அதன் பெயர் 'சிக்கா'. திரேசியர், இல்லிரியர் போன்ற பால்கன் பகுதி மக்களின் ஆயுதம். நம் ஊர் அரிவாளைப் பார்த்த கண்ணுக்கு அந்த வளைவு பழக்கப்பட்டதுதான், ஆனால் வேலை வேறு. எதிரியின் பெரிய கேடயத்தை நேரான வாளால் சுற்றிவர முடியாது. வளைந்த நுனியோ கேடயத்தின் ஓரத்தைத் தாண்டி உள்ளே திரும்பி, அதன் பின்னால் ஒளிந்திருக்கும் தோளையோ முதுகையோ தொட்டுவிடும். பெரிய கேடயக்காரரையும் வளைவாளியையும் ஜோடி சேர்த்ததன் தர்க்கம் இது. பின்னாளில் சில சித்திரங்களில் வளைவுக்குப் பதில் நடுவில் மடங்கியதுபோல் ஒரு கோணத்தோடு இருக்கும் சிக்காவும் தென்படுகிறது.

ரோமானியர் இதை நாகரிகமான ஆயுதமாக நினைக்கவில்லை. 'சிக்காரியுஸ்' என்ற சொல்லுக்கு லத்தீனில் பொருளே கொலைகாரன் என்பதுதான்.

வலையும் சூலமும் வைத்திருப்பவர் யார்? வலையால் எப்படிச் சண்டை போட முடியும்?

அவர் பெயர் ரெட்டியாரியுஸ், வலைக்காரர். தலைக்கவசம் இல்லை, கேடயம் இல்லை. நம் கடற்கரையிலும் ஏரிகளிலும் வீச்சுவலை வீசுகிறவர்களைப் பார்த்திருந்தால் உங்களுக்குப் பாதி புரிந்துவிடும். வட்ட வலை, காற்றில் விரிந்து குடைபோல் இறங்க வேண்டும். வலையை வலது கையால் வீசுவார். சூலமும் குத்துவாளும் இடது கையில் காத்திருக்கும். வலை விழவில்லை என்றால் சூலத்தை இரு கையாலும் பிடித்து எட்ட நின்று குத்துவார். சூலமும் போய்விட்டால் மிச்சம் இருப்பது அந்தக் குத்துவாள்தான்.

மற்றவர்களுக்கெல்லாம் வலது கையில் கவசம், இவருக்கு இடது கையில். கேடயம் இல்லாததால் எதிரிக்கு முன்னால் நீளும் பக்கம் அதுதான். இடது தோளில் 'கலேருஸ்' என்ற வெண்கலத் தகடு நிமிர்ந்து நிற்கும். தலையைத் தாழ்த்தினால் அதன் பின்னால் முகத்தை ஒளித்துக்கொள்ளலாம். பொம்பெயில் கிடைத்த கலேருஸ் ஒன்றில் நண்டு, நங்கூரம் என்று கடல் சார்ந்த உருவங்களைப் புடைப்பாகச் செய்திருக்கிறார்கள். செய்த கொல்லர் அதை ரசித்துத்தான் செய்திருப்பார்.

இவருக்கென்றே உருவாக்கப்பட்ட எதிரி செகூட்டோர். 'பின்தொடர்பவர்' என்று பொருள். முர்மில்லோவின் ஆயுதங்கள்தான், தலைக்கவசம் மட்டும் வேறு. உருண்டையாக, வழுவழுப்பாக, வலை சிக்குவதற்கு விளிம்போ கொண்டையோ இல்லாமல். சூலத்தின் பல் உள்ளே நுழையாதபடி கண்ணுக்கு இரண்டே இரண்டு சிறு துளைகள். பாதுகாப்பு அபாரம்தான், ஆனால் அதற்குள்ளிருந்து சரியாகப் பார்க்க முடியாது, மூச்சும் முட்டும். இந்தக் கவசங்களைத் திரும்பச் செய்து போட்டுப் பார்த்த ஆய்வாளர்களின் கணக்குப்படி, செகூட்டோர் சுமப்பது 15 கிலோவுக்கு மேல், வலைக்காரர் சுமப்பது அதில் பாதி. அதனால் செகூட்டோர் சீக்கிரம் நெருங்கி முடிக்கப் பார்ப்பார், வலைக்காரர் ஓடி ஓடி அவரை மூச்சுவாங்க வைப்பார்.

மட்ரித் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இந்தச் சண்டையின் தரைச்சித்திரம் ஒன்று இருக்கிறது. கீழே முதல் காட்சி: கலெந்தியோ என்ற வலைக்காரர் வீசிய வலை அஸ்தியானக்ஸ் என்ற செகூட்டோர் மேல் சரியாக விழுந்து, அவரைக் கேடயத்தோடு மூடியிருக்கிறது. சூலம் ஓங்கியிருக்கிறது. இனி என்ன இருக்கிறது என்று தோன்றும். மேலே இரண்டாவது காட்சி: கலெந்தியோ தரையில் கிடக்கிறார், சரணடைந்ததற்கு அடையாளமாகக் குத்துவாளை உயர்த்திப் பிடித்திருக்கிறார். 'அஸ்தியானக்ஸ் வென்றார்' என்று எழுத்து. கலெந்தியோவின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வட்டமும் அதைக் குறுக்கே வெட்டும் கோடும். இறந்தார் என்று அர்த்தம். வலைக்குள் இருந்தபடியே அந்த மனிதர் எப்படித் தப்பித்தார் என்பதை மட்டும் சித்திரக்காரர் காட்டவில்லை. நான் பல தடவை அந்த இரண்டு காட்சிகளுக்கு நடுவே நடந்ததைக் கற்பனை செய்து பார்த்திருக்கிறேன்.

ஆயுதங்கள் நிஜமாகவே கூர்மையானவையா, வெறும் காட்சிக்கா?

கூர்மையானவை. சண்டைக்கு முன் ஆயுதங்களைச் சோதிப்பது நிகழ்ச்சியின் ஒரு பகுதியாகவே இருந்தது. பேரரசர் தீத்துஸ், தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரபுக்களின் கையிலேயே ஆயுதங்களைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் சுவெத்தோனியுஸ் எழுதுகிறார். அவர்கள் அவருக்கு எதிராகச் சதி செய்து மன்னிக்கப்பட்டவர்கள். அவர்கள்மேல் தனக்கு எவ்வளவு நம்பிக்கை என்று ஊருக்குக் காட்டத்தான் அப்படிச் செய்தார். பேரரசர் திபேரியுஸின் மகன் துரூசுஸுக்கு ரத்தம் பார்ப்பதில் அத்தனை ஆசை. மிகக் கூர்மையான வாள்களுக்கு 'துரூசுஸ் வாள்' என்றே பெயர் வந்துவிட்டதாம். பேரரசர் மார்குஸ் அவுரேலியுஸ் இதற்கு நேர் எதிர். அவர் பார்க்கும் சண்டைகளில் கூர் மழுக்கிய ஆயுதங்களைத்தான் கொடுக்கச் சொன்னார்.

செல்வத்தைக் காட்டவும் ஆயுதம் பயன்பட்டது. கி.மு. 65-இல் ஜூலியஸ் சீசர் 320 ஜோடிகளைக் கொண்டுவந்தபோது அவர்களின் தளவாடங்கள் வெள்ளியில் மின்னின. நீரோ காலத்தில் ஒரு நிகழ்ச்சிக்கு ஆயுதங்களையும் பிணத்தைத் தூக்கும் பாடையையும்கூட அம்பரால் (கல்லாக இறுகிய மரப்பிசினால்) அலங்கரித்தார்கள்.

பயிற்சியும் உண்மை வாளோடுதானா?

இல்லை, மர வாளோடு. தரையில் நட்ட ஆளுயரக் கம்பத்தை எதிரியாக நினைத்துக் குத்திப் பழக வேண்டும். கம்பத்தின் உச்சி முகம், நடுப்பகுதி விலா, கீழ்ப்பகுதி கால். பழகும் வாளும் கேடயமும் உண்மையானதைவிட இரு மடங்கு எடை இருந்தால், பிறகு உண்மையான வாள் கையில் இலேசாக இருக்கும் என்று போர்க்கலை பற்றி நூல் எழுதிய வெகேத்தியுஸ் படைவீரர் பயிற்சி பற்றி எழுதுகிறார். இந்தக் கம்பப் பயிற்சி கிளாடியேட்டர்களுக்கும் உரியது என்று அவரே சொல்கிறார். ஆஸ்திரியாவில் கார்னுந்துமில் 2011-இல் தரைக்கடியில் கண்டறியப்பட்ட கிளாடியேட்டர் பள்ளியில், வட்டமான பயிற்சித் திடலின் நடுவே அப்படி ஒரு கம்பம் நின்ற இடம் தெரிகிறது.

வெட்டுவதைவிடக் குத்துவதுதான் அங்கே கற்றுக்கொடுக்கப்பட்ட பாடம். ராணுவமே இந்தப் பள்ளிகளிடம் கற்றுக்கொண்டிருக்கிறது: கி.மு. 105-இல் கான்சல் (ரோமின் உயர் ஆட்சியாளர்) ருத்தீலியுஸ் தன் படைவீரர்களுக்கு வாள்வீச்சு கற்பிக்க ஒரு கிளாடியேட்டர் பள்ளியிலிருந்து ஆசான்களை அழைத்துவந்தார்.

சண்டை இல்லாத நேரத்தில் ஆயுதங்கள் யாரிடம் இருக்கும்?

கிளாடியேட்டரிடம் இருக்காது. இதைப் பலர் யோசிப்பதில்லை. வாள்தான் அவர் பெயர், ஆனால் வாள் அவருக்குச் சொந்தமில்லை. பூட்டிவைத்த ஆயுதச்சாலையில் இருக்கும், அரங்கில் இறங்கும் முன் கொடுப்பார்கள், முடிந்ததும் வாங்கிக்கொள்வார்கள். மிருகங்களோடு மோதுவதற்காகப் பழக்கப்பட்ட ஒரு ஜெர்மானியரைப் பற்றி ரோமானியத் தத்துவவாதி செனெக்கா எழுதுகிறார். கழிவறையில் மட்டும்தான் காவல் இல்லை, அங்கேயே அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். கி.பி. 393-இல் சிம்மாகுஸ் என்ற செனட்டர் தன் மகனின் விழாவுக்காகப் பெற்ற சாக்சன் கைதிகளில் 29 பேர், அரங்குக்குப் போகும் முன்பே ஆயுதமில்லாமல் தங்களைத் தாங்களே முடித்துக்கொண்டார்கள். சிம்மாகுஸ் அதைத் தனக்கு வந்த நஷ்டமாகத்தான் கடிதத்தில் எழுதினார். அந்த வரியைக் கோபப்படாமல் என்னால் படிக்க முடிவதில்லை.

அடிமைக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய கிளாடியேட்டர் ஸ்பார்ட்டகஸின் கதையும் இந்தப் பூட்டிலிருந்துதான் தொடங்குகிறது. கி.மு. 73-இல் கப்புவா நகரப் பள்ளியிலிருந்து அவரும் கூட்டாளிகளும் தப்பியபோது கையில் இருந்தவை சமையலறையின் வெட்டுக்கத்திகளும் இறைச்சி வாட்டும் கம்பிகளும்தான். கிரேக்க எழுத்தாளர் புளுட்டார்க் கணக்கில் அவர்கள் 78 பேர். வழியில் வேறு ஊருக்குக் கிளாடியேட்டர் ஆயுதங்களை ஏற்றிப்போன வண்டிகள் எதிர்ப்பட்டன, அவற்றைப் பறித்துக்கொண்டார்கள். பிறகு தங்களை விரட்டிவந்த படையைத் தோற்கடித்து உண்மையான ராணுவ ஆயுதங்கள் கைக்கு வந்ததும், கிளாடியேட்டர் ஆயுதங்களை அவமானச் சின்னம் என்று தூக்கி எறிந்தார்கள். எறிந்த அந்த நொடியில்தான் அவர்கள் தங்களைப் படைவீரர்களாக உணர்ந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

வேறு விசித்திரமான ஆயுதங்கள் உண்டா?

உண்டு. இரண்டு கைகளிலும் வாள் பிடித்தவர் திமாக்கேருஸ். சுருக்குக் கயிறு வீசுபவர், குதிரைமேல் ஈட்டியோடு தொடங்கி இறங்கி வாளால் முடிப்பவர், தேரில் வருபவர் என்று இன்னும் சிலர். எல்லாவற்றையும்விடத் திகைக்கவைப்பது சில புடைப்புச் சிற்பங்களில் தெரியும் ஓர் ஆயுதம்: முன்கை முழுவதையும் உள்ளே விடும் குழாய், அதன் முனையில் பிறைவடிவ அலகு. வலைக்காரரின் வலையை அறுக்க அது நன்றாகவே உதவியிருக்கும்.

பெண்களும் ஆயுதம் பிடித்தார்களா?

ஆம். ஹாலிகார்னாசுஸில் (இன்றைய துருக்கியின் போத்ரும்) கிடைத்த ஒரு கல்லில் அமேசான், அக்கில்லியா என்ற இருவர் கேடயமும் குட்டை வாளுமாக எதிரெதிரே நிற்கிறார்கள். இருவரும் தோற்காமல் விடுவிக்கப்பட்டார்கள் என்கிறது எழுத்து. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

ஒவ்வொரு சண்டையிலும் ஒருவர் சாக வேண்டுமா?

வேண்டியதில்லை. தோற்றவர் விரலை உயர்த்தினால் நடுவர் கோலை நீட்டித் தடுப்பார், விழா நடத்துபவர் முடிவு சொல்வார். மன்னிப்பே கிடையாது என்ற நிபந்தனையோடு நடத்தும் சண்டைகளை அகுஸ்துஸ் தடைசெய்தார். கிளாடியேட்டரை வளர்க்கச் செலவு அதிகம், நல்ல வைத்தியமும் இருந்தது. பெர்கமோனில் (இன்றைய துருக்கியில்) கி.பி. 157-இல் கிளாடியேட்டர்களுக்கு மருத்துவராகச் சேர்ந்தவர்தான் புகழ்பெற்ற காலென். ஆனால் மன்னிப்பு மறுக்கப்பட்டால், தோற்றவர் மண்டியிட்டுக் கழுத்தைக் காட்ட வேண்டும். அப்படி உத்தரவானபோது எந்தக் கிளாடியேட்டராவது கழுத்தைப் பின்னுக்கு இழுத்திருக்கிறானா என்று கேட்கிறார் ரோமானியப் பேச்சாளர் சிசெரோ.

இதெல்லாம் எழுத்தில் இருப்பதுதானே, உடம்பில் சாட்சி உண்டா?

இன்றைய துருக்கியில் உள்ள பழைய எபேசுஸ் நகரில் இருக்கிறது. 1993-இல் அங்கே ஒரு கிளாடியேட்டர் இடுகாடு வெளிப்பட்டது, குறைந்தது 68 பேருடைய எலும்புகள். சூலப் பற்கள் இறங்கிய மண்டையோடு உண்டு. முழங்கால் பக்கம் தொடையெலும்பில் சதுரத்தின் நான்கு மூலைபோல் நான்கு துளைகள் பதிந்த எலும்பும் உண்டு. நான்கு முள் கொண்ட ஒரு குத்தாயுதம் கல்லறைச் சிற்பத்தில் தெரிந்தபோது அது என்னவென்று குழம்பியிருந்தார்கள். எலும்பு பதில் சொல்லிவிட்டது. மண்டையோட்டில் சுத்தியால் அடித்த சதுரத் துளைகளும் இருக்கின்றன, குற்றுயிராகக் கிடந்தவர்களை முடித்துவைத்த அடி. அதே எலும்புகளில் நன்றாக ஆறிய பழைய காயங்கள் நிறைய. அடித்தார்கள், குணப்படுத்தினார்கள், திரும்ப அனுப்பினார்கள்.

மர வாளைப் பரிசாகக் கொடுத்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. 'ரூடிஸ்' என்று பெயர். விடுதலையின் அடையாளம். பயிற்சிக்கு முதல் நாள் கையில் வாங்கியதும் மர வாள், எல்லாம் முடிந்து வெளியே போகும்போது வாங்குவதும் மர வாள். கி.பி. 80-இல் ரோமின் பெரிய அரங்கான கொலோசியம் திறந்தபோது பிரிஸ்குஸ், வேருஸ் என்ற இரு கிளாடியேட்டர்கள் வெகுநேரம் மோதி, இருவரும் ஒரே சமயத்தில் விரல் உயர்த்தினார்கள். தீத்துஸ் இருவருக்குமே மர வாள் கொடுத்து அனுப்பினார். கவிஞர் மார்ஷியல் அதைப் பாடிவைத்திருக்கிறார்.

அசல் ஆயுதங்களை இன்று எங்கே பார்க்கலாம்?

நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில். பொம்பெய் நாடக அரங்கின் பின்னால் இருந்த தூண்முற்றம் கிளாடியேட்டர்களின் குடியிருப்பாக இருந்தது. 1766-67 தோண்டலில் அங்கே தலைக்கவசங்கள், கால்கவசங்கள், தோள்தகடுகள் எல்லாம் கிடைத்தன. ஒரு தலைக்கவசத்தில் டிராய் நகரம் வீழும் காட்சியே புடைப்பாக இருக்கிறது. தலைக்கவசங்களின் எடை சராசரியாக 4 கிலோ, படைவீரரின் தலைக்கவசத்தைப்போல் இரண்டு மடங்கு. கவசங்கள் அத்தனை கிடைத்தும் வாள்கள் மிகச் சொற்பம்.

ஒரே ஒரு பொருளைத்தான் பார்க்க முடியும் என்றால் எதைச் சொல்வீர்கள்?

தியோதோருஸ் என்ற கிளாடியேட்டரின் கல்லறைக் கல். துருக்கியின் கருங்கடல் கரையில் அமிசுஸ் ஊரைச் சேர்ந்தது, ஏறத்தாழ 1,800 ஆண்டுப் பழசு. அதில் ஒருவர் நிற்கிறார், இன்னொருவர் கீழே விழுந்து கையை நீட்டியிருக்கிறார். நிற்பவர் கையில் இரண்டு வாள்கள். அவர் திமாக்கேருஸ் இல்லை. ஒன்று அவருடையது, மற்றது விழுந்தவரிடமிருந்து எடுத்தது. எழுத்து தியோதோருஸே பேசுவதுபோல் இருக்கிறது: என் எதிரி தெமெத்ரியுஸை முறித்தேன், உடனே கொல்லவில்லை, விதியும் தலைமை நடுவரின் வஞ்சகமும் என்னைக் கொன்றன.

நடந்ததை ஆய்வாளர்கள் இப்படிப் புரிந்துகொள்கிறார்கள். தெமெத்ரியுஸ் விழுந்ததும் தியோதோருஸ் அவர் வாளை எடுத்துக்கொண்டு, வென்றுவிட்டோம் என்று பின்வாங்கி நின்றார். நடுவரோ அது தடுக்கி விழுந்தது, செல்லாது என்று சொல்லி, தெமெத்ரியுஸை எழுப்பி, வாளைத் திருப்பிக் கொடுக்கவைத்து, சண்டையைத் தொடரச் சொன்னார். அதில் பட்ட காயத்தில் தியோதோருஸ் இறந்தார். கல்வெட்டிய சிற்பி அதற்குப் பிறகு நடந்த எதையும் செதுக்கவில்லை. இரண்டு வாளும் அவர் கையில் இருந்த அந்த நேரத்தை மட்டும் செதுக்கியிருக்கிறார். கல் இப்போது பிரஸ்ஸல்ஸ் அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது.